எந்த வாங்கு?

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வந்தால், இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியில் இருக்கிற எங்கள் சந்தியில் பதாகை கட்டுவார்கள். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகளின் படம், புள்ளி, ஓரத்தில் அதிபரின் படம். அந்தப் பிள்ளைகளை மனதார வாழ்த்துகிறேன். ஆனால் படத்தில் இல்லாத பிள்ளைகளுக்கு, பரீட்சைக்கு ஒன்றரை வருடம் முந்தியே முடிவைச் சொல்லிவிடுகிறோம்.

நான் நாலாம் ஆண்டில் இருந்தபோது டீச்சர் எங்களைப் பிரித்து உட்கார வைத்தார். ஸ்கொலர்ஷிப்புக்கு எடுக்கிற பிள்ளைகள் முன்வாங்கில், அதாவது முன் பெஞ்சில். மற்றவர்கள் ஜன்னலோரம், தகரம் ஒழுகுகிற பக்கம். நான் முன்னால், எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பக்கத்துக் காம்பராவில் இருந்த கூட்டாளி ஜன்னலோரம்.

அவள் அம்மா கொழுந்து நிறுக்க வரும்போது இவள் மடுவத்தடியில் நிற்பாள். தராசு முள் ஓய்வதற்குள், சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிப்பார்கள், இன்றைக்கு முழுநாள் சம்பளம் கிடைக்கிற முழுப்பேரா, பாதி கிடைக்கிற அரைப்பேரா, கூடுதல் கிலோவுக்கு எவ்வளவு வரும் என்று விரல் மடக்காமல் சொல்லுவாள். ஒருநாள் நிறை எழுதிய துண்டில் இரண்டு கிலோ குறைந்திருந்ததைக் கண்டுபிடித்ததும் அவள்தான். வகுப்பில் அவளுக்குப் பெயர் 'கணக்கு வராத பிள்ளை'. கேள்வியெல்லாம் முன்வாங்கோடு நின்றுவிடும். கரும்பலகை துடைக்கவும் தேத்தண்ணி வாங்கி வரவும் மட்டும் அவளைக் கூப்பிடுவார்கள். ஆறாம் ஆண்டில் அவளே சொல்லத் தொடங்கிவிட்டாள்: "எனக்குக் கணக்கு வராதுடி." சாதாரண தரத்தில் கணிதம் போனது, படிப்பும் நின்றது.

அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகள் படித்த ஒரு பாடசாலையைப் பற்றி ரே ரிஸ்ட் என்பவர் 1970இல் எழுதிய ஆய்வை வாசித்தபோது உடம்பு சிலிர்த்தது. பாலர் வகுப்பின் எட்டாவது நாளே ஆசிரியை பிள்ளைகளை மூன்று மேசைகளாகப் பிரித்துவிட்டார். எந்தச் சோதனையும் வைக்கவில்லை. உடுப்பு, பேச்சு, வீட்டு நிலைமை, இவற்றை வைத்தே பிரித்தார். அந்தப் பிரிவு அடுத்த வகுப்புகளிலும் தொடர்ந்தது. அந்த ஆசிரியையும் கறுப்பினத்தவர்தான்.

எங்கள் டீச்சரும் லயத்தில் பிறந்தவர்தான். கெட்ட மனசுக்காரர் இல்லை. வெட்டுப்புள்ளிக்கு மேல் எத்தனை பேர் என்று மேலிருந்து கேட்கிறார்கள். ஜன்னலோரப் பிள்ளை வாசிக்கப் பழகியதா என்று யாரும் கேட்பதில்லை. நானும் இன்று டீச்சர். பதிவேட்டில் விலாசத்தைப் பார்த்ததும், இது எந்த லயம், அப்பா குடிக்கிறவரா என்று என் மனசும் ஓடுகிறது. ஒவ்வொரு தவணையும் அதை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பெடுத்ததே 1970களில்தான். அதற்கு முன் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. இன்றைக்கு வாங்கு பிரித்து, அதே ஐந்தாம் ஆண்டில் நாமே முடித்து வைக்கிறோம். மேலதிக வகுப்பு நடத்துங்கள், எல்லாருக்கும் நடத்துங்கள். கிழமைக்கு ஒருமுறையாவது வாங்குகளை மாற்றுங்கள். முதல் கேள்வியைப் பின்னாலிருந்து கேளுங்கள்.

கூட்டாளி இப்போது கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். மகள் அம்மாயியோடு இங்கே, எங்கள் பாடசாலையில் நாலாம் ஆண்டு, வேறு டீச்சரின் வகுப்பில். போன கிழமை போன் எடுத்தவள் புள்ளியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அவளை எந்த வாங்குல வச்சிருக்காங்கன்னு மட்டும் பார்த்துச் சொல்லுடி" என்றாள்.