எனக்கொரு சின்ன வீடு வேண்டும், சிரிக்காதீர்கள்

மூன்றாவது அடுக்குமாடி வீட்டு ஷோரூம். இந்த மாதத்தில் மட்டும். இனிமேல் எவனாவது என் காதருகே 'கட்டுப்படியாகும் விலை' என்று சொன்னால், யாருக்குக் கட்டுப்படியாகும் என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை.

ஆபீசில் "சின்ன வீடு தேடுகிறேன்" என்று சொன்னாலே தமிழ்ப் பேசுகிற அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரியுங்கள். பெரிய வீடே இல்லாதவனுக்கு எங்கிருந்து ஐயா சின்ன வீடு? நான் கேட்பது ஓர் அறை, சமைக்க ஓர் இடம், நான் மட்டும் போகிற ஒரு கழிவறை. 34 வயதில், கோலாலம்பூர் செத்தாபாக்கில் நாலு பேரோடு ஒரே ஹீட்டருக்கு வரிசையில் நிற்கிறவனுக்கு இதற்கு மேல் கனவு வராது.

சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு பழைய கிள்ளான் சாலைப் பக்கம் போனேன். சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருந்தார். மகன் வீடு வாங்கப் போகிறான் என்று காலையிலேயே பட்டுச்சேலை. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

வாசலில் தமிழ்ப் பையன் ஒருவன், கோட் போட்டுக்கொண்டு. "வாங்கண்ணே, வாங்கம்மா, லக்கி டைம்ல வந்திருக்கீங்க." இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு துணிப்பை, ஒரு குடை. முதலில் மேசை மேலிருந்த பொம்மைக் கட்டடம். பொம்மை நீச்சல் குளம், பொம்மை மரம், ஓடுகிற பொம்மை மனிதன். அந்த மனிதனுக்கு மட்டும் நல்ல விசாலமான இடம்.

அப்புறம் உள்ளே. 'ஸ்டூடியோ யூனிட்'டாம், 452 சதுர அடி. அறைக்குக் கதவு இல்லை. "ஓபன் கான்செப்ட்ணே." கதவு இருந்தால் அது திறக்க இடம் வேண்டுமே! அம்மா ஒன்றும் பேசவில்லை. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரோரமாகச் சாண் போட்டு அளக்க ஆரம்பித்தார். பையன் நீச்சல் குளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறான், அம்மா பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டே போகிறார். கட்டிலுக்கு வந்ததும் நின்றார். "இது என்ன தம்பி, புள்ளைங்க கட்டிலா?" இல்லையாம், பெரியவர்கள் கட்டில்தானாம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தே விட்டார். என் அம்மா ஐந்தடிக்குக் கொஞ்சம்தான் கூட. கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஐந்தடி அம்மா! அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கட்டிலை வெட்டிச் செய்திருக்கிறார்கள். நான் ஆறடிக்கு இரண்டு அங்குலம் கம்மி. என்னை எங்கே மடிப்பது?

படுத்த வாக்கிலேயே அடுத்த கேள்வி. "சாமி மேடை எங்க வைக்கிறது?" சுவரில் மேலே மாட்டிக்கொள்ளலாம் என்றான். "அப்போ ஏணி?" பதில் இல்லை. அடுக்களை என்று ஒரு பலகையைக் காட்டினான். மின் அடுப்பு, ஜன்னல் கிடையாது, அதற்கு 'டிரை கிச்சன்' என்று பெயர். அம்மா கேட்டார்: "நெத்திலி சம்பல் தாளிச்சா புகை எங்க போகும்?" பையன் யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான், பாவம். "ஃபூட் டெலிவரி எல்லாம் லாபி வரைக்கும் வரும்மா."

விலை? 438,000 வெள்ளி, அதாவது ரிங்கிட்.

உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினான். பத்து விழுக்காடு முன்பணம், 43,800. மீதி 35 வருடக் கடன், மாதம் ஏறக்குறைய 1,800. என் சம்பளம் 3,800. கடைசித் தவணையை 69 வயதில், கைத்தடி ஊன்றிக்கொண்டு போய்க் கட்டலாம். வீட்டு விலை ஆண்டு வருமானத்தில் மூன்று மடங்குக்குள் இருந்தால்தான் கட்டுப்படியாகும் என்பது எல்லோரும் சொல்கிற பொது அளவுகோல். என் கணக்குக்கு அது 136,800. அந்தத் தொகையைச் சொன்னபோது பையன் என் கையிலிருந்த குடையை ஒரு பார்வை பார்த்தான். திருப்பிக் கேட்டுவிடுவானோ என்று பயந்துவிட்டேன்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். பராமரிப்புக் கட்டணத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டது. சதுர அடிக்கு 40 காசு, ஏறக்குறைய 181 வெள்ளி. அதன் மேல் பத்து விழுக்காடு சேமிப்பு நிதி. ஆக மாதம் ஏறக்குறைய 199. இதே கோலாலம்பூரில் ஏழைகளுக்கு அரசாங்கம் கட்டிய பி.பி.ஆர். அடுக்குமாடியில் 700 சதுர அடி, மூன்று அறை, மாத வாடகையே 124 வெள்ளிதான்! அதாவது நான் குளிக்காத நீச்சல் குளத்துக்கும் ஏறாத ஓட்டப் பொறிக்கும் கட்டுகிற காசு, ஒரு குடும்பம் குடியிருக்கிற முழு வீட்டின் வாடகையைவிட அதிகம். வணிக நிலத்தில் எழுகிற சர்வீஸ் அபார்ட்மெண்ட் என்பதால் மதிப்பீட்டு வரியும் கூடவாம். சிரித்துக்கொண்டே சொன்னான்.

பி.பி.ஆருக்குப் போயேன் என்பீர்கள். என் சம்பளம் அதற்கு அதிகம், இதற்குக் குறைவு. நடுவில் தொங்குகிறவர்கள் நாங்கள். 300,000 வெள்ளிக்குள் விற்க வேண்டும் என்ற வரம்போடு 2013-இல் ரூமாவிப் என்ற பெயரில் ஓர் அரசாங்க மலிவு வீட்டுத் திட்டம் வந்ததே, இப்போது ரெசிடென்சி விலாயா, அதற்கும் மனுப் போட்டிருக்கிறேன். அங்கே 800 சதுர அடி, மூன்று அறை. தனி ஆளுக்கு மூன்று அறை எதற்கு? ஒன்றில் படுப்பேன், மற்ற இரண்டிலும் உட்கார்ந்து கடனை நினைத்து அழுவேனா? மலிவாகக் கட்டினால் குடும்பத்துக்கு, சின்னதாகக் கட்டினால் பணக்காரனின் முதலீட்டுக்கு. சின்னதும் மலிவும் ஒரே கட்டடத்தில் சேரக்கூடாது என்று யாராவது ஜாதகம் பார்த்துச் சொல்லியிருக்கிறார்களா?

பாதி இடம், பாதி விலை. இந்தக் கணக்குக்குப் பட்டப்படிப்பு வேண்டாம். ரவாங்குக்குப் போ, செமினிக்குப் போ, பெரிய வீடே கிடைக்கும் என்று அறிவுரை சொல்லும் மாமாக்களே, நீங்கள் ஒரு வாரம் அங்கிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பி கேஎல் வந்து பாருங்கள், அப்புறம் பேசலாம். டோல் காசையும் நீங்களே போடுங்கள்.

செந்தூலில் என் தாத்தாவுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்தது. இரண்டே அறையில் எட்டுப் பேர். ஆனால் அம்மா சத்தியம் செய்கிறார், அங்கே எல்லோருக்கும் கால் நீட்டிப் படுக்க இடம் இருந்ததாம்.

வெளியே வந்தால் மழை. இலவசக் குடையை விரித்தேன். அந்த வீட்டு பால்கனியில் இதை விரித்திருக்கவே முடியாது, அவ்வளவு பெரிய குடை. முதல் காற்றிலேயே கம்பி இரண்டு முறிந்து, துணி பின்பக்கமாக மடிந்து, பட்டுச்சேலையோடு அம்மா நனைகிறார். நானும் நனைகிறேன். அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சாலையோரம் நின்று இரண்டு பேரும் சிரித்துத் தொலைத்தோம்.

ஒதுங்கிய கடையில் தேநீரும் வடையும் சொன்னேன். ஒரு பருப்பு வடை ஒன்றரை வெள்ளி! வந்ததோ பழைய ஐம்பது காசு நாணயத்தைக் கொஞ்சம் ஊதிப் பெருக்கிய அளவு. அம்மா அதை விரலால் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடைக்காரரைக் கேட்டார்:

"ஏன் தம்பி, இதுவும் ஸ்டூடியோ யூனிட்டா?"