கோட்டைத் தொட்டால் அவுட் இல்லை, ஐயா

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஆறேழு வயதுக் குழந்தைகளுக்குக் கால்பந்தின் அடிப்படை விதிகளைச் சொல்லிக்கொடுப்பது கடினமான வேலையன்று; அவர்களை அழைத்து வரும் பெரியவர்களுக்கு நடுவே அதைச் செய்வதுதான் கடினம். பந்து தரையிலோ காற்றிலோ எல்லைக்கோட்டை முழுவதுமாகக் கடந்தால்தான் ஆட்டத்திற்கு வெளியே போனதாகும் என்று விளக்கி, கோட்டின்மேல் பந்தை வைத்துக் காட்டி, பிள்ளைகளும் ஒருவழியாகப் புரிந்துகொண்ட அடுத்த நிமிடமே, பந்து சுண்ணாம்புக் கோட்டை உரசியதும் "அவுட், அவுட்!" என்று ஓரத்திலிருந்து ஒரு தந்தை கத்துகிறார். கிரிக்கெட்டில் பந்து எல்லைக் கயிற்றைத் தொட்டாலே நான்கு ஓட்டம் என்று பழகிய கண்கள் அவருடையவை. அதற்காகக் கால்பந்து தன் விதியை மாற்றிக்கொள்ளுமா? ஓடிக்கொண்டிருந்த குழந்தை அப்படியே நின்றுவிடுகிறது, எதிரணிச் சிறுமி பந்தைக் கொண்டுபோய்விடுகிறாள், பிறகு அழுகை.

கையில் பட்டதெல்லாம் 'ஹேண்ட்பால்' என்பது இன்னொரு கூச்சல். கையில் பந்து படுவதெல்லாம் குற்றமாகாது என்று விதி 12 சொல்வதை யார் படிக்கிறார்கள்?

இவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம்; எதிரணிப் பாதியில், பந்துக்கும் எதிரணியின் கடைசியிலிருந்து இரண்டாம் ஆட்டக்காரருக்கும் முன்னே நின்று சக ஆட்டக்காரர் அனுப்பும் பந்தை வாங்கக் கூடாது என்னும் ஆஃப்சைடைத்தான் பொறுக்க முடியவில்லை. அமெரிக்காவில் எட்டு வயதுக்குட்பட்டோர் ஆடும் நால்வர் ஆட்டத்தில் அந்த விதியையே வைக்கவில்லை. இங்கோ, வலது காலணியை இடது காலில் மாட்டிக்கொண்டு வரும் குழந்தைக்கு அது தெரிந்திருக்க வேண்டுமாம். பக்கக்கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கையால் உள்ளே எறியும் த்ரோ-இன்னிலிருந்து நேரடியாக வரும் பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது என்பதை அறியாத ஒருவர் அதற்கும் கையைத் தூக்குகிறார். விளக்கப் போனால், "நான் காலேஜ் டீம்ல ஆடினவன் சார்" என்கிறார்.