மலிவு மிக் வெல்டரும் மாட்டிக்கொண்ட வயரும்

சின்னச் சின்ன வேலைகளுக்கென்று மலிவான மிக் வெல்டர் (வயரைத் தானே ஊட்டி இரும்பை ஒட்டும் மின் வெல்டிங் மெஷின்) ஒன்று வாங்கினேன். வெல்டைக் காக்கும் பொடி உள்ளேயே இருக்கும் ஃபிளக்ஸ் கோர் வயர் போட்டால் கேஸ் சிலிண்டர் தேவையில்லை என்பதற்காகவே வாங்கியது. சரி, மாட்டினேன். தீப்பொறி நாலாபுறமும் சிதறியது; வெல்டு இரும்பில் இறங்காமல் மேலேயே உருண்டையாக நின்றது. இரண்டு வாரம் என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் போலாரிட்டி, அதாவது எது பாசிட்டிவ், எது நெகட்டிவ் என்பது! ஃபிளக்ஸ் கோர் வயருக்கு டார்ச் (வயர் வெளிவரும் கைப்பிடி) நெகட்டிவில் இருக்க வேண்டும். கேஸோடு ஓட்டும் சாலிட் வயருக்குத்தான் பாசிட்டிவ். மெஷின் வந்ததோ பாசிட்டிவில். மூடிக்குள் இரண்டு இணைப்புகளை மாற்றிப் போட்டதும் சரியாகிவிட்டது. இதை ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டக் கூடாதா?

அப்புறம் வயர். உள்ளே பொடி அடைத்த மெல்லிய குழாய் அது. வயரைத் தள்ளும் ரோலரை இறுக்கினால் நசுங்குகிறது, தளர்த்தினால் வழுக்குகிறது. டார்ச் நுனியிலுள்ள டிப்பில் ஒட்டிக்கொண்டால் ரோலர் பக்கம் குருவிக்கூடு மாதிரி சுருண்டுவிடும். வெட்டி, இழுத்து, மறுபடி கோர்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும்.

மின்சுற்றை முடிக்க இரும்பில் கவ்வ வைக்கும் எர்த் கிளாம்ப் அதைவிட மோசம். பெயின்டைச் சுரண்டிய இரும்பிலும் பிடிப்பதில்லை. 20 சதவீத டியூட்டி சைக்கிள் என்றால் 10 நிமிடத்தில் 2 நிமிடம்தான் ஓட்டலாம்; மீதி நேரம் மெஷின் ஆற வேண்டும். அந்த 2 நிமிடத்தையும் கிளாம்ப் தின்றுவிட்டால், புதிதாகப் பழகுகிறவர் எப்படிக் கற்றுக்கொள்வார்?