கல்வெட்டில் திருநீறு தேய்க்காதீர்கள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை விதிகள், 919, 921ஆம் ஆண்டு எழுத்து. இந்த மாதிரிக் கல்வெட்டைக் கண்டாலே சிலருக்குக் கை சும்மா இருப்பதில்லை. சாக்பீஸ், கோதுமை மாவு, திருநீறு என்று கிடைத்ததைத் தேய்த்துவிட்டுத்தான் படம் எடுக்கிறார்கள். வயிறு எரிகிறது!

பொடி வெட்டுக்குள் இறங்கி, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து இறுகிவிடும். பிறகு அதைச் சுரண்ட யாராவது கம்பி பிரஷ்ஷோடு வருவார்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளியே அரிதாக வைத்த பழைய எழுத்து அது. துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வடிவம் ஒன்றுதான். ஒரு கோடு மழுங்கினாலும் வாசிப்பே மாறிப்போகும்.

ஒரு டார்ச் போதுமே! சுவரை ஒட்டி, பக்கவாட்டில் 10, 15 பாகைச் சாய்வில் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். ஃபிளாஷ் வேண்டாம், நேர் வெளிச்சத்தில் நிழல் செத்துவிடும். போன் சுவருக்கு நேராக இருக்கட்டும், டார்ச் இன்னொருவர் கையில். பக்கவாட்டு வெளிச்சத்தில் கிடைக்கோடுகள் சரியாகத் தெரியாது. அதனால் மேலிருந்து வெளிச்சம் அடித்து இன்னொரு படமும் எடுங்கள். ஏற்கெனவே யாரோ பூசிய மாவை மட்டும் நகத்தால் சுரண்டிவிடாதீர்கள்.