சாய்ந்த இம்பிளான்ட்டைக் கிளிப் போட்டு நேராக்க முடியுமா?

"இம்பிளான்ட் பல் சாய்ந்துவிட்டதா? ஆறு மாதம் கிளிப் போட்டால் நேராகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. இம்பிளான்ட் என்பது, இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகு; அதன் மேல்தான் செயற்கைப் பல் அமரும்.

சொந்தப் பல் நகர்வதற்குக் காரணம், வேருக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் மெல்லிய நார்த்திசு. டைட்டானியம் திருகுக்கு அது கிடையாது. எலும்பு திருகை நேரடியாகவே பற்றிக்கொள்ளும். கிளிப்பின் இழுப்புக்கு அசையாது என்பதால், மற்ற பற்களை இழுக்க அதையே நங்கூரமாகப் பயன்படுத்துவதும் உண்டு!

சரி, சாய்ந்ததை என்ன செய்வது? சாய்வு கொஞ்சம்தான் என்றால், திருகின் மேல் 15 அல்லது 25 டிகிரி வளைந்த இணைப்புத் துண்டை மாட்டி, மேலே வரும் பல்லை நேராக அமைத்துவிடலாம். ரொம்ப மிஞ்சிப்போயிருந்தால், கழற்றிவிட்டுப் புதிதாகப் பொருத்த வேண்டியிருக்கும். அப்புறம், எல்லாச் சாய்வும் பிழையல்ல: நான்கே இம்பிளான்ட்டில் முழு வரிசையும் கட்டும் முறையில், பின்னால் உள்ள இரண்டை வேண்டுமென்றேதான் சாய்த்து வைப்பார்கள்.