வரி பிரிக்க இவ்வளவு பாடா?

இணையதளங்களுக்கு நிரல் எழுதும் மொழியான பிஎச்பியில் ஒரு உரையை வரி வரியாகப் பிரிக்க வேண்டும். கேட்பது அவ்வளவுதான். 1995-ல் வெளிவந்த நாள் முதல் இந்த மொழியின் தலையாய வேலையே ஃபார்மில் வருவதை வாங்கி வைப்பது. ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துத் தொடரை, திருப்பிப் போட ஃபங்ஷன் என்ற தயார் கட்டளை உண்டு, எழுத்துகளைக் கலைத்துப் போட உண்டு, இரண்டு ஆங்கிலச் சொற்கள் காதுக்கு ஒரே மாதிரி கேட்குமா என்று பார்க்க உண்டு. ஈஸ்டர் பண்டிகை எந்தத் தேதியில் வரும் என்று கணக்குப் போடக்கூட ஒன்று இருக்கிறது, சத்தியமாக. வரிகளாகப் பிரிக்க மட்டும் ஒன்றும் கிடையாது. நீயே பார்த்துக்கொள் என்று கையை விரித்துவிட்டார்கள்.

நாமும் பார்த்துக்கொள்கிறோம். உரையை உடைக்கும் எக்ஸ்ப்ளோட் ஃபங்ஷனை எடுத்து, வரி முறிவைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் என் கொடுத்து உடைக்கிறோம். ஊரே அதைத்தான் செய்கிறது. இதோ ஒரு கிளையன்ட்டுக்கான வேலை: எந்தெந்த ஊருக்கு டெலிவரி உண்டு என்று அட்மின் ஒரு பெரிய பெட்டியில், வரிக்கு ஒரு ஊராக எழுதிச் சேமிப்பார். வாடிக்கையாளர் ஊரைத் தேர்ந்தெடுத்தால், பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குமேல் ஒரு வேலையும் இல்லை. மதுரை என்று தேடினால் இல்லை என்கிறது. திருச்சி இல்லை. சேலம் இல்லை. பட்டியலின் கடைசியில் இருக்கும் தேனி மட்டும் இருக்கிறதாம். திரையில் பார்த்தால் எல்லா ஊரும் பளிச்சென்று நிற்கின்றன, ஒரு புள்ளிகூடக் கூடுதலாக இல்லை.

உள்ளே இருப்பதை நீளத்தோடு காட்டும் வார்_டம்ப் போட்டால்தான் விஷயம் வெளியே வருகிறது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-ல் ‘மதுரை’ 15 பைட். அங்கே 16 என்று காட்டுகிறது. அந்தப் பதினாறாவது பைட் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜென்மம், பெயர் சிஆர் (கேரியேஜ் ரிட்டர்ன்), எண் 13. ஃபார்மைச் சப்மிட் செய்யும்போது பெட்டியில் உள்ள ஒவ்வொரு வரி முறிவையும் சிஆர், எல்எஃப் (லைன் ஃபீட்) என்று இரண்டு எழுத்தாக மாற்றித்தான் பிரவுசர் அனுப்பும். எச்டிஎம்எல் விதியே அதுதான். பேக்ஸ்லாஷ் என் என்பது எல்எஃப் மட்டும்தான். அதை மட்டும் வைத்து நாம் வெட்டுவதால் சிஆர் ஒவ்வொரு ஊரின் வாலிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. கடைசி வரிக்குப் பின்னால் யாரும் என்டர் தட்டவில்லை, அதனால் தேனி மட்டும் தப்பித்தது. இதில் எரர் வராது, வார்னிங் வராது. வாடிக்கையாளரிடம் ‘உங்கள் ஊருக்கு டெலிவரி இல்லை’ என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடும்.

இந்த இரண்டு எழுத்துக் கூத்து எங்கிருந்து வந்தது? 1960-களின் டெலிடைப் இயந்திரங்களிலிருந்து. அச்சுத் தலையை இடது ஓரத்துக்குத் தள்ள ஒரு கட்டளை, அது சிஆர். காகிதத்தை ஒரு வரி மேலே நகர்த்த இன்னொரு கட்டளை, அது எல்எஃப். யூனிக்ஸ்காரர்கள் எல்எஃப் ஒன்றே போதும் என்றார்கள். டாஸ், அதன் வழியில் விண்டோஸ், இரண்டையும் வைத்துக்கொண்டன. பழைய மேக் சிஆர் மட்டும் போதும் என்று தனி வழி போனது. விண்டோஸின் நோட்பேட் யூனிக்ஸ் வரிகளைச் சரியாகக் காட்டத் தொடங்கியதே 2018-ல்தான். காகிதம் நகர்த்தும் இயந்திரம் போய்ச் சேர்ந்து எவ்வளவு காலமாகிறது, அதன் ஆவி என் டெலிவரி லிஸ்ட்டில் உட்கார்ந்திருக்கிறது.

சரி, வழி கேட்டால் உடனே வரும் அறிவுரை: ‘பிஎச்பி_ஈஓஎல் என்ற கான்ஸ்டன்ட்டைப் போடுங்கள், அது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.’ ஒன்றையும் பார்த்துக்கொள்ளாது. பிஎச்பி ஓடும் மெஷினின் வரி முறிவு எதுவோ, அது அதைத்தான் சொல்லும். உரை எங்கிருந்து வந்தது, அதில் என்ன இருக்கிறது என்பது பற்றி அதற்குத் துளியும் தெரியாது. எழுதுபவரின் விண்டோஸ் லேப்டாப்பில் அது சிஆர்எல்எஃப், இரண்டும் சேர்ந்தது. பிரவுசர் அனுப்புவதும் அதுவே. பிரமாதமாக வேலை செய்யும். டெமோ கொடுத்துக் கைதட்டும் வாங்கிவிடலாம். லினக்ஸ் சர்வரில் ஏற்றிய நிமிடம் அது எல்எஃப் ஆகிவிடும், மறுபடியும் பதினாறாவது பைட். இந்த அறிவுரையைக் கொடுப்பவர்கள் சர்வரில் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார்களா?

போகிற போக்கில் ஒற்றை மேற்கோள்குறிக்கும் ஒரு கும்பிடு. இரட்டை மேற்கோளுக்குள் பேக்ஸ்லாஷ் என் போட்டால் வரி முறிவு. ஒற்றைக்குள் போட்டால் ஒரு பேக்ஸ்லாஷ், ஒரு என், அவ்வளவே. உரை முழுவதும் ஒரே வரியாகத் திரும்பி வரும், அதற்கும் எரர் கிடையாது.

அடுத்து வருபவர் கொஞ்சம் விவரமானவர். ரெஜெக்ஸ் என்ற தேடல் குறியீட்டை வைத்து உரையை வெட்டும் பிரெக்_ஸ்பிளிட் போட்டு, பேக்ஸ்லாஷ் பெரிய ஆர் கொடுங்கள், அது எல்லா வகை வரி முறிவையும் பிடிக்கும் என்பார். உண்மைதான், பிடிக்கும். தமிழைச் சேர்த்துப் பிடிக்கும். உரை யூடிஎஃப்-8 என்று சொல்லும் சின்ன யூவைப் பேட்டர்னின் கடைசியில் போடாமல் விட்டால் ரெஜெக்ஸ் இன்ஜின் உரையை எழுத்தாகப் பார்க்காது, பைட் பைட்டாகத்தான் பார்க்கும். அப்படிப் பார்க்கும்போது ஹெக்ஸ் 85 என்ற பைட்டும் அதற்கு ஒரு வரி முறிவு. பழைய ஐபிஎம் உலகத்து மிச்சம். இப்போது நம் ‘அ’ யூடிஎஃப்-8-ல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்: ஈ0, ஏஈ, 85. மூன்றாவது பைட் அதேதான்! தமிழில் வேறு எந்த எழுத்துக்கும் இந்தக் கதி இல்லை. ஆவன்னா 86-ல் முடிகிறது, அது பிழைத்துக்கொண்டது. அரிச்சுவடியின் முதல் எழுத்துதான் மாட்டியது.

அரியலூர் என்று எழுதினால், இரண்டு உடைந்த பைட்டுகள் ஒரு வரியாகவும் ‘ரியலூர்’ இன்னொரு வரியாகவும் வரும். அறந்தாங்கி, அவிநாசி, அம்பாசமுத்திரம் எல்லாவற்றுக்கும் தலை போய்விடும். ஆற்காடு, ஆம்பூர் நலமாக இருக்கும். ஆங்கிலத்தில் டெஸ்ட் செய்தால் இது ஒருநாளும் வெளியே வராது. தமிழில் டெஸ்ட் செய்தாலும், லிஸ்ட்டில் அகரத்தில் தொடங்கும் ஊர் இல்லையென்றால் வராது. அந்த உடைந்த பைட்டுகளை, தரவை ஜேசான் வடிவத்துக்கு மாற்றும் ஜேசான்_என்கோடுக்கு அப்படியே கொடுத்தால், அது வாயைத் திறக்காமல் ஃபால்ஸ் (முடியவில்லை) என்று திருப்பித் தரும். முழு லிஸ்ட்டும் காலி. யூ போட்டால் தீர்ந்தது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. உரையில் எங்கேயாவது ஒரு பைட் கெட்டுப்போயிருந்தால் இந்த முறை பிரெக்_ஸ்பிளிட்டே ஃபால்ஸ் தரும்.

ஆகவே எல்லா ப்ராஜெக்டிலும் ரெஜெக்ஸைக் கையாலேயே எழுதிக்கொள்கிறேன்: முதலில் சிஆர்எல்எஃப், அப்புறம் சிஆர், அப்புறம் எல்எஃப், இடையில் ‘அல்லது’ என்று பொருள்படும் செங்குத்துக் கோடு. இந்த வரிசையை மாற்றிச் சிஆரை முதலில் வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு வெற்று வரி இலவசம்.

பிரித்தாயிற்றா? உட்காராதீர்கள். யாரும் ஒன்றுமே எழுதாத காலிப் பெட்டியைப் பிரித்தால் எத்தனை வரி? ஒன்று. வெற்று ஸ்ட்ரிங் ஒன்றை உள்ளே வைத்த அரே, அதாவது பட்டியல், வரும். எண்ணிப் பார்த்தால் ‘1 ஊர் சேர்க்கப்பட்டது’ என்று திரை பெருமையாகச் சொல்லும். வெற்று வரிகளை நீக்க அரே_ஃபில்டர் போடுவோம். ஒரு வரியில் வெறும் 0 இருந்தால் அதையும் காலி என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடும். மார்க் லிஸ்ட்டை இப்படி ஒட்டி வாங்கினால் முட்டை வாங்கிய பையன்கள் எல்லாரும் காணாமல் போவார்கள். அது போதாதென்று பழைய கீ எண்களை, அதாவது பட்டியலின் வரிசை எண்களை, அப்படியே விட்டுவைக்கும். நடுவில் ஓர் எண் குறைந்ததும் ஜேசானில் அது அரே ஆகப் போகாது, ஆப்ஜெக்ட் ஆகப் போகும். ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் இருப்பவர் ‘அரேக்கு மட்டுமே உள்ள மேப் வேலை செய்யவில்லையே’ என்று போன் போடுவார்.

இதில் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது எது தெரியுமா? பிஎச்பிக்கு இது தெரியாமல் இல்லை. என்எல்2பிஆர் என்று ஒரு பழைய ஃபங்ஷன் இருக்கிறது, வரி முறிவுக்கு முன்னால், வலைப்பக்கத்தில் வரியை முறிக்கும் பிஆர் டேக் போடும். எல்எஃப், சிஆர், சிஆர்எல்எஃப், ஏன், தலைகீழாக எல்எஃப்சிஆர் வந்தாலும் அது சரியாகக் கண்டுபிடிக்கும். மாவு வீட்டிலேயே அரைத்து வைத்திருக்கிறது, தோசை மட்டும் ஊற்றித் தரமாட்டார்களாம். பைத்தானில் ஸ்பிளிட்லைன்ஸ் என்று ஒரே சொல். ஜாவா 2018-ல் 11-ஆம் பதிப்பில் லைன்ஸ் என்ற மெத்தடைச் சேர்த்துவிட்டது. கோ மொழியின் ஸ்கேனர் வரி முடிவில் சிஆர் இருந்தால் கேட்காமலேயே கழற்றிவிடும். அங்கே எல்லாம் யாரும் டெலிடைப் வரலாறு படித்துவிட்டு ஊர் லிஸ்ட் போட வேண்டியதில்லை.

ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் சிரிக்க வேண்டாம். பிரவுசருக்குள் அதே பெட்டியின் வேல்யூவை எடுத்தால் எல்எஃப் மட்டும்தான் இருக்கும், அதனால்தான் உங்கள் ஸ்பிளிட் ஒழுங்காக ஓடுகிறது. அதை ஜேசானாக அனுப்பினால் சர்வருக்கு எல்எஃப் வரும். அதே பெட்டியைச் சாதாரண ஃபார்மாக அனுப்பினால் சிஆர்எல்எஃப் வரும். ஒரே பக்கம், ஒரே உரை. போகும் பாதையைப் பொறுத்து பைட் எண்ணிக்கை மாறுகிறது. பிரவுசரில் 500 எழுத்து வரம்புக்குள் அடங்கிய முகவரியை சர்வர் ‘நீளம் அதிகம்’ என்று திருப்பி அனுப்புவதற்கும் இதுவே காரணம். அங்கே ஒன்றாக எண்ணிய என்டர், இங்கே இரண்டு. பழைய ஃபார்ம் ஒரு பக்கமும் புதிய ஆப் இன்னொரு பக்கமும் எழுதிய டேட்டாபேஸில் இரண்டு வகையும் கலந்து கிடக்கும்.

இத்தனையும் சரிசெய்து, டெஸ்ட் எழுதி, ஏற்றிவிட்டு வந்தால் அட்மின் ஊர் லிஸ்ட்டை எக்செலிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார். ஒரு செல்லில் ஆல்ட் என்டர் தட்டி ஊருக்குக் கீழே பின்கோடு. காப்பி செய்தால் எக்செல் அந்த செல்லைச் சுற்றி இரட்டை மேற்கோள்குறி போட்டுத் தரும். இப்போது என் லிஸ்ட்டில் மேற்கோளோடு தொடங்கும் ஒரு கும்பகோணமும், மேற்கோளோடு முடியும் ஓர் 612001-உம் தனித்தனி ஊர்களாக இருக்கின்றன.