எச்ஐவியோடு பிறந்தால் மூளை வளராதா? அது தவறு

"பிறவியிலேயே எச்ஐவி இருந்தால் மூளை வளராது, வயசுக்கு வந்ததும் முரட்டுத்தனம் வரும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியில்லை.

அமெரிக்காவில் பல நகரங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வந்தது. எச்ஐவியோடு பிறந்த பிள்ளைகளையும், தாய்க்கு எச்ஐவி இருந்தும் தொற்றில்லாமல் பிறந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். சில எண்களைச் சொல்லி, அவற்றைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொல்வார்களே, அது போன்ற சோதனைகள்தான். எச்ஐவி இருந்தும், அது முற்றி எய்ட்ஸ் நிலைக்குப் போகாத பிள்ளைகளின் சராசரி ஐக்யூ (அறிவுத்திறன் அளவு) சுமார் 83. தொற்றே இல்லாத பிள்ளைகளுக்கும் அதே 83! எய்ட்ஸ் வரை போனவர்களுக்குச் சுமார் 78. அந்தக் குறைவும் பெரும்பாலும், சின்ன வயதிலேயே நோய் மூளையைத் தாக்கிய பிள்ளைகளால் வந்தது. தொற்று உள்ளவர்கள், இல்லாதவர்கள் என இரு பக்கமும் பொதுச் சராசரியான 100க்குக் கீழே இருப்பதைக் கவனியுங்கள். வைரஸை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

சரி, முரட்டுத்தனம்? அதே ஆய்வுக் குழு 2011இல் வெளியிட்டதில், நடத்தை, மனநலச் சிக்கல்கள் தொற்றில்லாத பிள்ளைகளிடம்தான் கூடுதல். வளர்ப்பவரின் மனநலத்தோடும் அவை சேர்ந்தே இருந்தன.

அப்புறம், எச்ஐவி மருந்தை எப்போது தொடங்கினார்கள் என்பது ரொம்ப முக்கியம். தென்னாப்பிரிக்காவில் எச்ஐவி தொற்றிய குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், பிறந்து 6 முதல் 12 வாரத்துக்குள் மருந்து தொடங்கிய குழந்தைகளிடம், தள்ளிப்போட்டவர்களைவிட இறப்பு 76 சதவீதம் குறைந்தது. ஒரு வயதை நெருங்கும்போது வளர்ச்சியும் மேலாகவே இருந்தது.

இந்தப் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் இதையெல்லாம் படிக்கிறார்கள். தயவுசெய்து அந்தக் கருத்தைத் திருத்துங்கள்.